இரண்டாவது நிரல்மொழி ஏன் உதைக்கிறது?

பினாங்கில் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “முதலாண்டில் பைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இந்த செமஸ்டரில் ஜாவா, அடுத்ததில் சி. ஆனால் மொழியை யாரும் நடத்துவதில்லை. ‘நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று அசைன்மென்ட்டைக் கொடுத்துவிடுகிறார்கள். மற்ற மாணவர்கள் எப்படி இத்தனை மொழிகளைக் கற்கிறார்கள்? இன்டர்ன்ஷிப்புக்கு முன் எத்தனை மொழி தெரிந்திருக்க வேண்டும்?”

தம்பி, நான் பினாங்கின் தொழிற்சாலைப் பகுதியான பாயான் லெப்பாஸில் சோதனைக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். இந்த இருபது வருடத்தில் ஒன்பது மொழிகளிலாவது எழுதிச் சம்பளம் வாங்கியிருப்பேன். அதில் வகுப்பில் உட்கார்ந்து கற்றது இரண்டே இரண்டு. அதனால் விரிவுரையாளர் மேல் கோபப்படாதீர்கள். ஒவ்வொரு பாடத்திலும் மொழியையும் சேர்த்து நடத்திக்கொண்டிருந்தால் டேட்டா ஸ்ட்ரக்சருக்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கும் எங்கே நேரம்? முதல் மொழிக்குத்தான் கையைப் பிடித்து நடத்துவார்கள். அப்புறம் நாமேதான் நடக்க வேண்டும். எல்லா ஊர்ப் பல்கலைக்கழகத்திலும் ஏறக்குறைய இதுதான் கதை.

மற்றவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்றால், ஊகித்துத்தான். தெரிந்த மொழியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ‘அங்கே இப்படி எழுதினோம், இங்கேயும் இப்படித்தான் இருக்கும்’ என்று போய்க்கொண்டே இருப்பார்கள். பாதிக்கு மேல் சரியாகவே வரும். மீதியில்தான் அடி விழும்.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் எத்தெல் சுகுடுவும் குவின்டின் கட்ஸும் 2020இல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உங்களைப் போலவே பைத்தானிலிருந்து ஜாவாவுக்குப் போகும் மாணவர்களைத்தான் அவர்கள் கவனித்தார்கள். புது மொழியில் எதிர்ப்படும் விஷயங்களை மூன்றாகப் பிரித்தார்கள்: பார்க்கவும் ஒன்று, பொருளும் ஒன்று; பார்க்க ஒன்று, பொருள் வேறு; பார்க்க வேறு, பொருள் ஒன்று. இதை விளக்க மலேசியத் தமிழர்களுக்குத் தனியாகப் பாடம் நடத்தத் தேவையில்லை. மலாய்க்காரர் ‘கெடாய்’ என்றால் நம் கடைதான். அது முதல் வகை. அவர் ‘மாரி’ என்றால் மழை வரவில்லை, நம்மை வா என்கிறார். அது இரண்டாம் வகை. ‘ஆயர்’ என்றால் தண்ணீர். சொல் புதிது, பொருள் நாம் பிறந்ததிலிருந்து குடிப்பது. அது மூன்றாம் வகை. (‘கறி’ இடையில் கிடந்து திண்டாடும். அவர்களுக்கு அது குழம்பு, நம் வீட்டில் கறி வாங்கி வா என்றால் இறைச்சி.)

முதல் வகைக்கு நேரமே செலவழிக்க வேண்டாம். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ‘வைல்’ லூப் ஜாவாவிலும் வைல் லூப்தான், அடைப்புக்குறிதான் கூடும். மூன்றாம் வகைக்குக் கொஞ்சம் தேடல் போதும். பைத்தானின் லிஸ்ட்டுக்கு ஜாவாவில் என்ன பெயர் என்று கேட்டால் ‘அரேலிஸ்ட்’ என்று பதில் வந்துவிடும். இரண்டாம் வகை அப்படியில்லை. அதைத் தேடவே தோன்றாது, தெரிந்த முகம் மாதிரி இருக்கும். பைத்தானில் இரண்டு சொற்கள் ஒன்றா என்று இரட்டைச் சமக்குறி போட்டுப் பார்ப்பீர்கள். ஜாவாவிலும் அதே குறி உண்டு, ஆனால் அது சொற்களை ஒப்பிடுவதில்லை. இரண்டும் நினைவகத்தில் ஒரே இடத்தில் இருக்கும் ஒன்றேதானா என்றுதான் பார்க்கும். இதில் இன்னொரு விஷமம் இருக்கிறது. நிரலுக்குள்ளேயே நீங்கள் எழுதிவைத்த சொற்களை ஜாவா ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளும், அதனால் சின்னச் சோதனையில் விடை சரியாக வரும். கோப்பிலிருந்து படித்த சொல்லையோ பயனர் தட்டிய சொல்லையோ ஒப்பிடும்போதுதான் ‘இல்லை’ என்னும். அதற்குள் நீங்கள் அசைன்மென்ட்டைச் சமர்ப்பித்திருப்பீர்கள்.

நான் இதில் பட்ட பாட்டைச் சொல்கிறேன். முதல் வேலையில், ஒரு தொழிற்சாலையில், ஷிப்ட் அட்டவணை காட்டும் நிரல் எழுதச் சொன்னார்கள். காலை, மதியம், இரவு என மூன்று ஷிப்ட். ஒரு குழு வாரத்துக்கு வாரம் மாறும். ஒரு தேதியைத் தொடக்கமாக வைத்து, அதிலிருந்து எத்தனை வாரம் என்று எண்ணி, அதை 3ஆல் வகுத்த மீதியை எடுத்தால் ஷிப்ட் தெரிந்துவிடும். பைத்தானில் எழுதிப் பார்த்தேன், அருமையாக ஓடியது. தளத்தில் இருந்த பழைய கணினிக்காக அதை அப்படியே சியில் பெயர்த்தேன். மீதி எடுக்கும் குறி இரண்டிலும் ஒன்றே, %.

இரண்டு மாதம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஓவர்டைம் கணக்குப் பார்க்க யாரோ பழைய தேதியைத் தட்டியிருக்கிறார்கள், தொடக்கத் தேதிக்கு ஒரு வாரம் முன்னால். ‘இரவு’ என்று வரவேண்டிய இடத்தில் ஓர் இயந்திரத்தின் பெயர் வந்து நின்றது. சூப்பர்வைசர் என்னை ஏதோ பேய் பிடித்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

நடந்தது இதுதான். ஒரு வாரம் முன்னால் என்றால் -1. பைத்தானில் -1 % 3 என்றால் 2. அங்கே மீதி எப்போதும் வகுக்கும் எண்ணின் குறியோடு வரும், நிரலில் பட்டியலை 0, 1, 2 என்று எண்ணுவோம், ஆகவே மூன்றாவது ஷிப்ட், இரவு. சியிலும் ஜாவாவிலும் -1 % 3 என்றால் -1தான். ஜாவாவாக இருந்திருந்தால் பட்டியலில் -1ஆம் இடம் இல்லை என்று அலறி நின்றிருக்கும். சி அலறாது, பட்டியலுக்கு முன்னால் நினைவகத்தில் என்ன கிடக்கிறதோ அதை எடுத்து நீட்டிவிடும். அங்கே இயந்திரப் பெயர்ப் பட்டியல் கிடந்தது. ஜாவாஸ்கிரிப்டாக இருந்தால் ‘அன்டிஃபைன்ட்’ என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டுக்கு ஓடும். ஒரே குறி, ஒரே கணக்கு, நாலு மொழியில் நாலு விதம். மீதியோடு 3ஐக் கூட்டி மறுபடி 3ஆல் வகுத்து மீதி எடுத்தால் எல்லா மொழியிலும் 2 வரும். ஒரு வரித் திருத்தம். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை நாள் ஆனது, காரணம் அந்த வரியைத் தவிர மற்ற எல்லா வரியையும் சந்தேகப்பட்டேன்.

சரி, இந்த இரண்டாம் வகையை எப்படி முன்கூட்டியே பிடிப்பது? எனக்குப் பலித்த வழி, ஒரே ஒரு நிரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு புது மொழியிலும் அதையே எழுதுவது. 1978இல் கெர்னிகனும் ரிட்ச்சியும் எழுதிய சி புத்தகத்திலிருந்து எல்லோரும் ‘ஹலோ வேர்ல்ட்’ எழுதித்தான் தொடங்குகிறார்கள். கருவிகளை ஒழுங்காக நிறுவியிருக்கிறோமா என்று பார்க்க அது போதும். (முதல் நாள் மாலை அதற்கே போய்விடும், போகட்டும்.) மொழியின் குணத்தை அது காட்டாது. கொஞ்சம் அழுக்கான வேலை வேண்டும்.

என்னுடைய நிரல், தைப்பூசத் தண்ணீர்ப்பந்தல் கணக்கு. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழி நெடுகப் பந்தல் போடுவார்களே, அதில் ஒன்றுக்கு வருடா வருடம் நன்கொடைப் பட்டியல் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒரு கோப்பு. ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், ஒரு தொகை. படிக்க வேண்டும், ஒரே பெயரில் வந்ததைக் கூட்ட வேண்டும், பெயர் வரிசையில் அடுக்க வேண்டும், மொத்தம் போட வேண்டும், தப்பான வரிகளைத் தனியே எழுத வேண்டும். அறுபது எழுபது வரி நிரல்தான். ஆனால் கோப்பு, எழுத்து, காசு, அகராதி (பெயரைச் சொன்னால் அதற்குரிய தொகையைத் தரும் பட்டியல்), வரிசை, பிழை என்று ஒரு மொழியின் எல்லா அறைக்குள்ளும் தலையை நீட்டிப் பார்த்துவிடும்.

எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்களை ரோமன் எழுத்தில் எழுதினால் எந்த மொழியில் நீளம் கேட்டாலும் ஒரே விடை. பாடப்புத்தக உதாரணங்கள் எல்லாம் அப்படித்தான், அதனால் வித்தியாசமே தெரியாது. ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். பைத்தான் 5 என்னும், ஜாவாவும் 5 என்னும். கோ, ரஸ்ட் என்ற மொழிகள் இரண்டும் 15 என்னும். ஸ்விஃப்ட் 3 என்னும். யாரும் பொய் சொல்லவில்லை. பைத்தான், உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்திருக்கும் யூனிகோட் குறிகளை எண்ணுகிறது: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து. கோவும் ரஸ்ட்டும் பைட்டுகளை எண்ணுகின்றன, அந்தக் குறிகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ஸ்விஃப்ட் மட்டும்தான் நம் வாத்தியார் எண்ணுவதுபோல த, மி, ழ் என்று மூன்றாக எண்ணுகிறது. பைத்தானில் அதே சொல்லைத் தலைகீழாகத் திருப்பினால் கொக்கி ழகரத்தில் போய் ஒட்டிக்கொண்டு ‘ழிமத’ என்று வரும், முன்னால் ஒரு புள்ளி அனாதையாகத் தொங்கும். இந்த ஒரு சோதனையில், ‘சொல்’ என்பதை அந்த மொழி உள்ளே எப்படி வைத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். அரை மணி நேரம் ஆகாது.

வரிசை இன்னும் வேடிக்கை. இங்கே எல்லா மொழியும் ஒற்றுமையாகத் தப்பு செய்யும். சாதாரணமாக அடுக்கச் சொன்னால் யூனிகோட் எண் வரிசைப்படி அடுக்கும். அதில் ஜகரம் சகரத்தை அடுத்து உட்கார்ந்திருப்பதால் ஜெயா, தமிழரசிக்கு முன்னால் வந்துவிடுவார். னகரம் ளகரத்துக்கு முந்தியது, ஆகவே வனஜா வள்ளியை முந்துவார். அகராதி வரிசைப்படி இரண்டுமே தப்பு. இதைச் சரிசெய்யப் போனால்தான் அந்த மொழியின் நூலகம் எப்படிப்பட்டது என்று தெரியும். ஜாவாஸ்கிரிப்டில் மொழிக்கேற்ற வரிசை உள்ளேயே இருக்கிறது. பைத்தானில், மொழிக்கேற்ற வரிசை தெரிந்த ஐசியு என்ற நூலகத்தை வெளியிலிருந்து கொண்டுவருவதுதான் நம்பகமான வழி. கொண்டுவருவது எப்படி, எங்கே பதிவாகும், நண்பனின் கணினியிலும் அது ஓடுமா? மொழி கற்பதில் பாதி இந்தச் சில்லறை வேலைதான். அதை எந்தத் தேர்விலும் கேட்கமாட்டார்கள்.

காசுக்கு வருவோம். 10 சென்னும் 20 சென்னும் 0.1, 0.2 என்று தசமமாக வைத்துக் கூட்டினால் அநேகமாக எல்லா மொழியிலும் 0.30000000000000004 என்று வரும். அதனால் தொகையைச் சென் கணக்கில் முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், அது சரிதான். ஆனால் முழுமையாக்குவதில் மறுபடி ‘மாரி’ வந்து நிற்கும். 2.5ஐ முழு எண்ணாக்கு என்றால் ஜாவா 3 என்னும். பைத்தான் 2 என்னும், பாதியில் நிற்பதை இரட்டை எண் பக்கம் தள்ளுவது அதன் வழக்கம். 3.5 என்றால் இரண்டும் 4. நம் ஊரில் 2008 ஏப்ரலிலிருந்து ரொக்க பில்லை 5 சென்னுக்கு முழுமையாக்குகிறார்கள், 12.32 என்றால் 12.30, 12.33 என்றால் 12.35. ஐஸ்கட்டி, சர்க்கரை வாங்கிய பில்லுக்கு இந்தக் கணக்கையும் நிரலில் சேர்த்துக்கொள்ளுங்கள், நல்ல பயிற்சி.

எழுதும்போது ஒரு பழக்கம் வேண்டும். ஒவ்வொரு துண்டையும் ஓட்டுவதற்கு முன்னால் என்ன வரும் என்று தாளில் எழுதிவிடுங்கள். பிறகு ஓட்டுங்கள். நினைத்ததும் வந்ததும் ஒன்றானால் மேலே போகலாம். வேறானால் அந்த வரியை நோட்டில் தனியே குறித்துவைத்துக்கொள்ளுங்கள், அதுதான் உங்களுக்கான இரண்டாம் வகை. பத்துப் பதினைந்து சேரும். என் சி நோட்டும் உங்கள் சி நோட்டும் ஒன்றாக இருக்காது. நான் எதிலிருந்து வந்தேன், நீங்கள் எதிலிருந்து வந்தீர்கள் என்பதைப் பொறுத்தது அது.

வேண்டுமென்றே உடைத்தும் பாருங்கள். இல்லாத கோப்பைத் திறக்கச் சொல்லுங்கள். தொகை இருக்க வேண்டிய இடத்தில் ‘பத்து வெள்ளி’ என்று எழுதிவையுங்கள். ஜாவா, ‘கோப்பு இல்லாமல் போனால் என்ன செய்வாய், அதை எழுது’ என்று கம்பைல் செய்யும்போதே, அதாவது ஓட்டுவதற்கு முன் நிரலைக் கணினிக்குப் பெயர்க்கும்போதே, நச்சரிக்கும். கோ பிழையையும் ஒரு விடையாகவே உங்கள் கையில் கொடுத்து, பார்ப்பதும் பார்க்காததும் உன் பாடு என்றுவிடும். (அதே கோ, பயன்படுத்தாத ஒரு மாறி இருந்தாலே கம்பைல் செய்ய மறுக்கும். எதில் கண்டிப்பு, எதில் விட்டுப்பிடிப்பு என்பது வீட்டுக்கு வீடு மாறுகிறது.) சி, எந்த இடத்தையும் காட்டாத ஒரு வெற்றுச் சுட்டியைத் தரும்; நீங்கள் பார்க்காமல் பயன்படுத்தினால் நிரல் அந்த இடத்திலேயே படுத்துவிடும். பிழைச் செய்திகளை நிதானமாக இருக்கும்போது ஒருமுறை பார்த்துவைத்தால், அசைன்மென்ட் கெடு முடியும் இரவில் அவை பழைய அறிமுகமாக இருக்கும்.

இந்த மூன்று வகையிலும் அடங்காத மொழிகளும் உண்டு. 2015இல் முதல் நிலையான பதிப்பு வந்த ரஸ்ட் அப்படிப்பட்டது. ஒரு பட்டியலை ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்குக் கொடுத்துவிட்டால் பழைய பெயரால் அதைத் தொட முடியாது. கொஞ்ச நேரத்துக்கு மட்டும் பார்த்துவிட்டுத் தரட்டும் என்றால் இரவல் கொடுக்க வேண்டும். இரவல் போயிருக்கும் பொருளை உரியவரே திருத்த முடியாது. பைத்தானில் இதற்கு ஒப்பானது இல்லை, ஆகவே ஊகம் உதவாது. இங்கே உட்கார்ந்து அதிகாரப்பூர்வப் பாடத்தை முதலிலிருந்து படிக்கத்தான் வேண்டும். அடுத்த செமஸ்டரில் சி வருகிறது என்கிறீர்கள். சி முடித்து, நினைவகத்தை நாமே வாங்கி நாமே விடுவிக்கும் சுமையை அனுபவித்த பிறகு ரஸ்ட்டைத் தொட்டால் அந்தக் கண்டிப்பு எதற்கென்று புரியும். ஹாஸ்கலும் இப்படித்தான். மாறியின் மதிப்பை மாற்றவே கூடாது என்று சொல்லும் மொழியில் பைத்தான் பழக்கம் ஒன்றும் செல்லாது.

இன்னொன்று, ஓடுகிறது என்பதற்காக அந்த மொழி வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஜாவாவிலிருந்து வந்தவர் பைத்தான் எழுதினால் ஒரு வரியில் முடிகிற வேலைக்கு மூன்று கிளாஸ் இருக்கும். நாம் வாக்கியத்துக்கு வாக்கியம் ‘லா’ போட்டுப் பேசினால் தமிழ்நாட்டுக்காரர் உடனே ஊரைக் கண்டுபிடித்துவிடுகிறாரே, அதே கதை. உங்கள் பந்தல் கணக்கை எழுதி முடித்த பிறகு, அந்த மொழியில் ஊறியவர் எழுதிய சின்ன நிரல் எதையாவது எடுத்துப் படித்து, உங்களுடையதை மறுபடி எழுதுங்கள். இரண்டாவது தடவை எழுதும்போதுதான் உச்சரிப்பு மாறும்.

சாட்ஜிபிடியிடம் கொடுத்தால் ஒரு நொடியில் பெயர்த்துத் தருமே என்பீர்கள். தரும், நானும் வேலையில் பயன்படுத்துகிறேன். ஆனால் -1 % 3 விஷயத்தை அது கவனித்ததா என்று பார்க்க உங்களுக்கு அந்த விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கற்கும் காலத்தில் நிரலை எழுதித் தரச் சொல்வதைவிட, ‘பைத்தானிலிருந்து வருகிறேன், இந்த என் ஜாவா நிரலில் ஒரே மாதிரி தெரிந்து வேறு மாதிரி நடக்கும் வரிகள் எவை’ என்று கேளுங்கள். வந்த பதிலை ஓட்டிப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இன்டர்ன்ஷிப் கேள்விக்கு வருகிறேன். எண்ணிக்கையை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. நான் நேர்காணலில் உட்காரும்போது, விண்ணப்பத்தில் பதினோரு மொழி எழுதியவரைப் பார்த்தால் பதினொன்றாவதில்தான் முதல் கேள்வி கேட்பேன், கெட்ட எண்ணத்தோடுதான். இரண்டு மொழி ஆழமாகத் தெரியட்டும். மூன்றாவதை எப்படிப் பிடித்தீர்கள் என்று சொல்லத் தெரியட்டும். தரவுத்தளத்தோடு பேசும் எஸ்க்யூஎல் எங்கே போனாலும் வேண்டும், அதை மொழிக் கணக்கில் சேர்க்காமலே கற்றுவிடுங்கள். கோலாலம்பூரில் வங்கி, காப்புறுதிப் பக்கம் போனால் ஜாவா நிறைய. பினாங்கில் வேறு மாதிரி. 1972இல் இன்டெல் பாயான் லெப்பாஸுக்கு வந்ததிலிருந்து இந்தத் தீவு சிப்பைச் சுற்றித்தான் ஓடுகிறது. சி, சி பிளஸ் பிளஸ், பைத்தான் மூன்றும் இங்கே நன்றாக விலைபோகும். கூடவே டிசிஎல் என்று ஒன்று உண்டு, ‘டிக்கிள்’ என்று உச்சரிப்பார்கள். 1988இல் பெர்க்லியில் ஜான் ஔஸ்டர்ஹவுட், சிப் வடிவமைப்புக் கருவிகளுக்குள் பொருத்துவதற்காக உருவாக்கியது. இன்றைக்கும் அந்தக் கருவிகளோடு பேச அதுதான் மொழி. உங்கள் பாடத்திட்டத்தில் இருக்க வாய்ப்பு குறைவு, சிப் வடிவமைப்புக்குப் போனால் முதல் வாரத்திலேயே எதிரில் வந்து நிற்கும். அதில் எல்லாமே சொல்தான். 5ஐயும் 3ஐயும் கூட்டக்கூடத் தனியாக ஒரு கட்டளை போட வேண்டும். இதை முன்கூட்டிப் படித்துவைக்க வேண்டாம். இப்படி ஒன்று வரும் என்று தெரிந்திருந்தால் போதும்.

கால அளவு கேட்டால், என் அனுபவத்தில் முதல் மொழிக்கு ஒரு வருடம். இரண்டாவதுதான் எதிர்பார்த்ததைவிட அதிகம் இழுக்கும், ஒரு செமஸ்டர் முழுதும் எரிச்சலாகவே இருக்கும். நீங்கள் இப்போது நிற்கும் இடம் அதுதான். மூன்றாவது அதே குடும்பத்தில் இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் வேலைக்கு ஆகும்.

இந்த வார இறுதியில் ஜாவாவில் பந்தல் கணக்கைத் தொடங்குங்கள். கோப்பில் இருபது பெயர் போதும். அதில் ஒரு ஜெயா, ஒரு வள்ளி, ஒரு வனஜா இருக்கட்டும். ஒரே பெயர் இரண்டு இடத்தில் வரட்டும், கூட்டுவதற்கு ஜாவாவின் அகராதியைத் தொடாமல் முதலில் இரட்டைச் சமக்குறியைப் போட்டே பாருங்கள். நடுவில் ஒரு வெற்று வரி, தொகை இல்லாத ஒரு வரி, ‘பத்து வெள்ளி’ என்று ஒரு வரி. கடைசி வரியின் முடிவில் எண்டர் தட்டாமல் விட்டுவிடுங்கள். சி எழுதும்போது அதுவும் ஒரு மாலைப் பொழுதைத் தின்னும்.